இரண்டு வரியை எடுத்தார்கள். பூட்டின் பலமே போனது!

20 மாதம் மறைந்திருந்த கம்ப்யூட்டர் கோளாறு பிடிபட்ட கதை

ஓர் ஊரில் ஒரு பூட்டுக்கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் நாணயமானவர். பூட்டும் நல்ல இரும்பில் செய்தது. வாங்கிப் போனவர்கள் கதவைப் பூட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

திடீரென்று ஒரு நாள் ஊரில் தண்டோரா போடுகிறார்கள்.

"அந்தக் கடையில் 20 மாதமாக விற்ற பூட்டுகளுக்கு விதவிதமான சாவி கிடையாது. மொத்தமே ஒரு கூடை சாவிதான்! அந்தக் கூடையை வைத்திருப்பவன் எந்த வீட்டையும் திறந்துவிடுவான். எல்லோரும் உடனே பூட்டை மாற்றுங்கள்!"

ஊர் என்ன பாடுபடும்!

இது கற்பனைதான். ஆனால், 2008-ம் ஆண்டு மே மாதம் 13-ந் தேதி கம்ப்யூட்டர் உலகில் இப்படி ஒரு தண்டோரா உண்மையாகவே போடப்பட்டது.

பூட்டைக் கெடுத்தவன் திருடன் அல்ல. எதிரி நாட்டு ஒற்றனும் அல்ல. ஒரு சிறு தொல்லையை நிறுத்துவதற்காக, நல்ல எண்ணத்துடன் போட்ட ஓர் ஒட்டுதான் அதைக் கெடுத்தது. அந்த ஒட்டினால் போனது இரண்டே இரண்டு வரி!

அது எப்படி நடந்தது? எப்படிப் பிடிபட்டது? பார்ப்போம்.

கம்ப்யூட்டரில் பூட்டா?

கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லும் கட்டளைகளை வரி வரியாக எழுதுவார்கள். அதற்கு "புரோகிராம்" என்று பெயர். ஒரு புரோகிராமில் ஆயிரக்கணக்கான வரிகள் இருக்கும்.

நாம் செல்போனில் பணம் அனுப்புகிறோம். ரெயிலுக்கு டிக்கெட் எடுக்கிறோம். அந்தச் செய்திகள் பல ஊர்களைக் கடந்து போகின்றன. வழியில் யாராவது படித்துவிட்டால்?

அதற்காகச் செய்தியைப் பூட்டி அனுப்புகிறார்கள். அந்தப் பூட்டுக்குச் சாவி இரும்பில் செய்தது அல்ல. எண்தான் சாவி. அதுவும் சின்ன எண் அல்ல. ஒரு வகைச் சாவிக்கு வேண்டிய எண்ணை எழுதினால் 617 இலக்கம் வரும்! உலகில் உள்ள கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்த்தாலும் முடியாது. இந்த நம்பிக்கையில்தான் வியாபாரம் நடக்கிறது.

இப்படிச் சாவி செய்யும் புரோகிராம்களில் ஒன்றின் பெயர் "ஓப்பன் எஸ்.எஸ்.எல்." 1998-ம் ஆண்டு முதல் இந்தப் பெயரில் இருக்கிறது. இதை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் வரிகளையும் படித்துப் பார்க்கலாம். உலகம் முழுவதும் எத்தனையோ கம்ப்யூட்டர்களில் இது வேலை செய்கிறது.

காதலி பெயரும் தன் பெயரும்

இந்தக் கதையில் இன்னொரு பெயரும் வருகிறது. அது "டெபியன்."

1993-ம் ஆண்டு அமெரிக்காவில் இயான் முர்டாக் என்ற கல்லூரி மாணவர் ஒரு வேலையைத் தொடங்கினார். பலர் தனித்தனியாக எழுதிய இலவசப் புரோகிராம்களைத் திரட்டி, ஒன்றோடொன்று பொருந்தும்படி செய்து, ஒரே கட்டாக மக்களுக்குக் கொடுப்பது அந்த வேலை. காதலியின் பெயர் டெப்ரா. தன் பெயர் இயான். இரண்டையும் சேர்த்து "டெபியன்" என்று பெயர் வைத்தார். டெப்ரா பிறகு அவருடைய மனைவி ஆனார்.

டெபியனில் சம்பளத்துக்கு ஆள் வைத்து வேலை செய்வது இல்லை. பல நாடுகளில் உள்ள தொண்டர்கள் செய்கிறார்கள். ஒவ்வொரு புரோகிராமையும் கவனிக்க ஒருவரோ, சிலரோ பொறுப்பில் இருப்பார்கள். வெளியார் எழுதிய புரோகிராமில் குறை இருந்தால், அவர்களே ஓர் ஒட்டுப் போட்டுச் சரிசெய்வார்கள். கிழிந்த சட்டைக்குத் துணி வைத்துத் தைப்பது போல.

டெபியனை அடிப்படையாக வைத்து வேறு சிலரும் கட்டுகள் தயாரிக்கிறார்கள். 2004-ம் ஆண்டு வந்த "உபுண்டு" அதில் பெயர் பெற்றது. ஏரியில் கலந்தது வாய்க்காலிலும் வரும் அல்லவா? டெபியனில் செய்யும் மாற்றம் உபுண்டுவிலும் வந்து சேரும்.

சீட்டுப் பானை

சாவிக்கு வேண்டிய எண்ணை எப்படித் தேர்ந்தெடுப்பது?

குலுக்கல் சீட்டு தெரியும். பெயர்களை எழுதிப் பானையில் போடுகிறார்கள். நன்றாகக் குலுக்குகிறார்கள். ஒரு குழந்தையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்கிறார்கள். எந்தச் சீட்டு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதுதான் அதன் நியாயம்.

சாவி செய்யும் புரோகிராமிலும் இப்படி ஒரு பானை உண்டு. கம்ப்யூட்டருக்குள் முன்கூட்டியே சொல்ல முடியாத சின்னச் சின்ன நிகழ்ச்சிகள் நடந்துகொண்டே இருக்கும். அவற்றிலிருந்து கிடைக்கும் எண்களை எல்லாம் பானையில் போட்டுக் கலக்குவார்கள். பிறகு அதிலிருந்து எடுத்துச் சாவி செய்வார்கள்.

பானையில் நிறையச் சீட்டு இருந்தால்தான் சாவிக்குப் பலம். பானை காலியாக இருந்தால்? குலுக்கி என்ன பயன்! இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

சோதனைக்காரன் போட்ட கூச்சல்

புரோகிராம் எழுதுபவர்களுக்கு உதவியாக ஒரு சோதனைப் புரோகிராம் உண்டு. அதன் பெயர் "வால்கிரின்ட்." அரிசியில் கல் பொறுக்குவது போல, மற்றப் புரோகிராம்களில் உள்ள தவறுகளைப் பொறுக்கிக் கொடுக்கும்.

அது கண்டுபிடிக்கும் தவறுகளில் ஒன்று என்ன தெரியுமா? கழுவாத பாத்திரம்!

கம்ப்யூட்டரின் நினைவில் ஓர் இடத்தை எடுத்துப் பயன்படுத்தும் முன்பு, அதில் நமக்கு வேண்டியதை எழுதிவிட வேண்டும். எழுதாமல் பயன்படுத்தினால் முன்பு யாரோ விட்டுப்போன மிச்சம்தான் அதில் இருக்கும். சமையலுக்கு எடுத்த பாத்திரத்தைக் கழுவாமல் அடுப்பில் வைப்பது போன்றது இது. வால்கிரின்ட் இதைக் கண்டால் உடனே கூச்சல் போடும்.

ஓப்பன் எஸ்.எஸ்.எல். புரோகிராமைச் சோதித்தபோது இந்தக் கூச்சல் ஓயாமல் கேட்டது. அதைப் பயன்படுத்தும் மற்றப் புரோகிராம்களைச் சோதித்தாலும் அதே கூச்சல். இந்தச் சத்தத்தில் உண்மையான தவறு எது என்று கண்டுபிடிக்க முடியாமல் எழுதுபவர்கள் திண்டாடினார்கள்.

2006-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் இதுபற்றி டெபியனுக்கு ஒரு புகார் வந்தது.

இரட்டைப் பிள்ளைகள்

கூச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேடினார்கள். இரண்டு இடங்கள் தெரிந்தன. இரண்டு இடத்திலும் இருந்தது ஒரே வரி. எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். இரட்டைப் பிள்ளைகள் போல!

ஆனால் இரண்டும் செய்த வேலை ஒன்று அல்ல.

ஒரு வரி, பானையிலிருந்து எடுக்கும் இடத்தில் இருந்தது. எண்ணை வாங்கிப்போக ஒருவர் பாத்திரத்துடன் வருகிறார். அந்தப் பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருப்பதையும் பானைக்குள் தட்டிவிடும் வேலை அந்த வரிக்கு. அதனால் பெரிய லாபம் இல்லை. எடுத்துவிட்டாலும் நஷ்டம் இல்லை.

மற்றொரு வரி, பானையில் போடும் இடத்தில் இருந்தது. சீட்டுகளைப் பானைக்குள் போடும் கையே அதுதான்! அதை எடுத்தால் பானைக்குள் எதுவும் போகாது.

ஒன்று குப்பை. மற்றொன்று உயிர். பார்வைக்கு இரண்டும் ஒன்று.

முதல் வரியின் பக்கத்தில், சோதனைப் புரோகிராம் இதைப் பற்றிக் குறை சொல்லும் என்று ஒரு குறிப்பு இருந்தது. சோதனை நேரத்தில் மட்டும் அதை நிறுத்தி வைக்க ஓர் ஏற்பாடும் இருந்தது. ஆனால், உயிரான இரண்டாவது வரியின் பக்கத்தில், "இதைத் தொடாதே" என்று ஒரு வார்த்தை கூட எழுதி வைக்கவில்லை.

"எடுத்துவிடலாமா?"

டெபியனில் பொறுப்பில் இருந்தவர் யாரையும் கேட்காமல் கத்தரிக்கோலை எடுக்கவில்லை. 2006-ம் ஆண்டு மே மாதம் 1-ந் தேதி, ஓப்பன் எஸ்.எஸ்.எல். எழுதுபவர்களுக்கே கடிதம் எழுதினார். இரண்டு வரிகளையும் காட்டி, "இவற்றை எடுத்துவிடலாமா, என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

தவறுகளைத் தேடும் வேலைக்கு உதவும் என்றால் எடுத்துவிடலாம் என்ற கருத்தில் பதில் வந்தது. "ஐயையோ, இரண்டாவது வரி வேண்டும்!" என்று யாரும் கூக்குரல் இடவில்லை.

கேள்வியும் பதிலும் சோதனையைப் பற்றியே பேசின. ஆனால், மாற்றம் போனதோ மக்கள் எல்லோருக்கும் கொடுக்கும் பிரதியில்!

கேட்டவர் பதில் கிடைத்தது என்று நினைத்தார். பதில் சொன்னவர் சோதனைக்குத்தானே என்று நினைத்திருக்கலாம். இரண்டு நினைப்புக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் கோளாறு நுழைந்துவிட்டது.

2006-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 17-ந் தேதி, இரண்டு வரிகளும் இல்லாத பிரதி டெபியனில் சேர்ந்தது.

கூச்சல் நின்றது. எல்லோருக்கும் நிம்மதி!

பானை காலி

ஆனால் பானைக்குள் எதுவும் விழவில்லை. ஒரே ஒரு பொருள் மட்டும் மிச்சம் இருந்தது. அது என்ன?

கம்ப்யூட்டர் ஒரு வேலையைத் தொடங்கும்போது அந்த வேலைக்கு ஓர் எண் கொடுக்கும். ரேஷன் கடையில் டோக்கன் கொடுப்பது போல. அந்த எண் வேறு வழியாகக் கலந்துகொண்டிருந்தது. அந்த வழி மட்டும் அடைபடவில்லை.

அந்த டோக்கன் எண் வழக்கமாக 1 முதல் 32 ஆயிரத்து 767 வரைதான் போகும்.

ஆகவே, ஒரே வகைக் கம்ப்யூட்டரில் ஒரே அளவுச் சாவி செய்தால், அதிகபட்சம் 32 ஆயிரத்து 767 விதமான சாவிகள்தான் வரும். 617 இலக்க எண் வெளியே பிரமாண்டமாகத் தெரியும். உள்ளே பார்த்தால் ஒரு கூடை சாவிதான்!

மனிதனுக்கு 32 ஆயிரம் பெரிய கணக்கு. கம்ப்யூட்டருக்கு அது ஒரு கணக்கா?

ஏன் தெரியவில்லை?

இந்த நிலை ஏறக்குறைய 20 மாதம் நீடித்தது. 2007-ம் ஆண்டு ஏப்ரலில் வெளியான டெபியனிலும் அந்தப் பிரதிதான் போனது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் வந்த உபுண்டுவிலும் போனது. உலகம் முழுவதும் ஆட்கள் அதில் சாவி செய்துகொண்டே இருந்தார்கள்.

யாருக்கும் ஏன் சந்தேகம் வரவில்லை?

பூட்டு சரியாகப் பூட்டியது. சாவி சரியாகத் திறந்தது. செய்தி போனது, வந்தது. எதுவும் நிற்கவில்லை. எதுவும் உடையவில்லை. கோளாறு என்றால் ஏதாவது நின்றுபோகும் என்றுதான் நாம் எதிர்பார்க்கிறோம். நிற்காமல் ஓடும் கோளாறைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

ஒரு சாவியை மட்டும் கையில் வைத்துப் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. பல சாவிகளைச் செய்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான், "இதை எங்கேயோ பார்த்தோமே!" என்று தோன்றும்.

துப்பு துலங்கியது

இதைக் கண்டுபிடித்தவர் லூசியானோ பெல்லோ என்பவர். அர்ஜென்டினா நாட்டைச் சேர்ந்தவர். அவரும் டெபியன் தொண்டர்களில் ஒருவர்தான். எந்த எண் வரும் என்று முன்கூட்டியே கணித்துவிட முடிகிறது என்பதை அவர் கண்டறிந்து சொன்னார்.

முன்பு சரியாக இருந்தது, இப்போது கெட்டுவிட்டது. எந்த மாற்றத்தால் கெட்டது? இதைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டர்காரர்கள் ஒரு நல்ல வழி வைத்திருக்கிறார்கள்.

முதல் பிரதியிலிருந்து கடைசிப் பிரதி வரை 1,000 மாற்றங்கள் நடந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றாகச் சோதித்தால் மாதக்கணக்கில் ஆகும். அதனால் நடுவில் உள்ள பிரதியை எடுத்துச் சோதிப்பார்கள். அது நன்றாக இருந்தால் கோளாறு பின்பாதியில். கெட்டிருந்தால் முன்பாதியில். அந்தப் பாதியை மறுபடியும் இரண்டாகப் பிரிப்பார்கள். இப்படியே போனால் 10 சோதனைகளில் குற்றவாளி அகப்பட்டுவிடுவான்!

இன்னொரு வழியும் உண்டு. அசலையும் நகலையும் ஒப்பிடுவது. இங்கே அசல் ஓப்பன் எஸ்.எஸ்.எல். புரோகிராமில் கோளாறு இல்லை. டெபியன் கொடுத்ததில் மட்டும்தான் இருந்தது. அப்படியானால், டெபியனில் போட்ட ஒட்டுகளில் ஒன்றுதான் குற்றவாளியாக இருக்க வேண்டும்.

எந்த ஒட்டு எந்த நாளில் போடப்பட்டது, எதற்காகப் போடப்பட்டது என்று எழுதி வைத்திருந்தார்கள். வரிகளும் மறைவாக இல்லை. 2006-ம் ஆண்டு மே மாதம் எழுதிய கேள்வியும் பதிலும் கூட அழியாமல் இருந்தன. காணாமல் போன இரண்டு வரிகளும் வெளிச்சத்துக்கு வந்தன.

டெபியன் எதையும் மூடி மறைக்கவில்லை. "இது எங்கள் மாற்றத்தால் வந்த கோளாறு. இன்ன தேதியில் வந்த இன்ன பிரதி முதல் இருக்கிறது" என்று 2008-ம் ஆண்டு மே மாதம் 13-ந் தேதி பகிரங்கமாக அறிவித்தது.

நல்ல சாவியும் கெட்டது

நீக்கிய வரியைத் திரும்பப் போடுவது சின்ன வேலை. ஆனால், அத்துடன் தொல்லை தீரவில்லை.

பூட்டுக்கடைக்காரர் இன்று திருந்திவிட்டார் என்பதற்காக, நேற்று விற்ற பூட்டு பலமாகிவிடுமா? 20 மாதத்தில் செய்த சாவிகளை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டு, புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. டெபியனில் செய்த சாவியை வேறு கம்ப்யூட்டருக்குக் கொண்டு போயிருந்தால், அங்கேயும் தேடிப் பிடித்து மாற்ற வேண்டும்.

இன்னொரு விபரீதமும் இருந்தது. "டி.எஸ்.ஏ." என்று ஒரு வகைச் சாவி உண்டு. அது ஒவ்வொரு முறை கையெழுத்துப் போடும்போதும் பானையிலிருந்து ஒரு புது ரகசிய எண்ணை எடுத்துக்கொள்ளும். அந்த எண்ணை யாராவது ஊகித்துவிட்டால், சாவியையே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிடலாம். ஆகவே, வேறு இடத்தில் நன்றாகச் செய்த டி.எஸ்.ஏ. சாவியாக இருந்தாலும், கோளாறான கம்ப்யூட்டரில் அதைக் கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தால், அதையும் கெட்டதாகவே கருதவேண்டும் என்று அறிவித்தார்கள்.

ஆபத்து எவ்வளவு பெரியது என்பதைப் பாதுகாப்பு நிபுணர் எச்.டி. மூர் காட்டினார். கோளாறான பிரதி செய்யக்கூடிய சாவிகளைத் தானே வரிசையாகச் செய்தார். வழக்கமான அளவுச் சாவிகளைச் செய்துமுடிக்க அவருக்குச் சில மணி நேரம்தான் ஆனது!

இதனால் ஒரு நன்மையும் உண்டு. கெட்ட சாவிகளின் பட்டியல் இருந்தால், "இந்தச் சாவி கொண்டு வருபவனை உள்ளே விடாதே" என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைக்கலாம். டெபியனும் அப்படிப் பட்டியல் கொடுத்தது.

6 மாதம் ஆகியும்...

தண்டோரா போட்டாகிவிட்டது. எல்லோரும் ஓடிப்போய்ப் பூட்டை மாற்றினார்களா?

இல்லை!

அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சிலர், அறிவிப்பு வந்த 4-வது நாளிலிருந்து இதைக் கவனித்தார்கள். 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர் நிலையங்களைத் தினமும் பார்த்தார்கள். அவற்றில் 751 நிலையங்களில் கெட்ட சாவி இருந்தது. ஏறக்குறைய 6 மாதம் கழித்துப் பார்த்தபோதும், அவற்றில் நூற்றுக்கு 30 நிலையங்கள் அதே சாவியுடன் இருந்தன!

அதோடு போகவில்லை. 2015-ம் ஆண்டு, புரோகிராம் எழுதுபவர்கள் கூடும் "கிட்ஹப்" என்ற இடத்தில், பயன்படுத்துபவர்களின் சாவிகளை ஒருவர் ஆராய்ந்தார். அப்போதும் அந்தப் பழைய கெட்ட சாவிகள் சில இருந்தன. பிறகு அவை ரத்து செய்யப்பட்டன.

வரியை எடுக்க ஒரு நிமிடம். அதன் விளைவைத் துடைக்க 7 ஆண்டுகள் ஆகியும் முடியவில்லை.

வீட்டுத் தூண்

வீட்டுக் கூடத்தில் நடுவில் ஒரு தூண் நிற்கிறது. போகும்போதும் வரும்போதும் இடிக்கிறது. எடுத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால், விவரம் தெரிந்த கொத்தனார் முதலில் தலையைத் தூக்கி மேலே பார்ப்பார். அந்தத் தூண் எதைத் தாங்குகிறது என்று பார்த்த பிறகுதான் கடப்பாரையைத் தொடுவார்.

கட்டியவருக்கும் ஒரு கடமை உண்டு. எது தாங்கும் தூண், எது அலங்காரத் தூண் என்று சொல்லி வைக்க வேண்டும். பின்னால் வருபவர் எப்படி அறிவார்? அந்த இரண்டாவது வரியின் பக்கத்தில் ஒரு சின்னக் குறிப்பு இருந்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது.

தவறு செய்யாத மனிதர் இல்லை. ஆனால், என்ன செய்தோம், என்று செய்தோம், ஏன் செய்தோம் என்று எழுதி வைத்திருந்ததால்தான் இந்தத் தவறின் அடிச்சுவடு கிடைத்தது. எழுதி வைக்காமல் செய்த தவறாக இருந்தால் இன்னும் எத்தனை நாள் ஆகியிருக்குமோ!

வாசகர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. உங்கள் செல்போனிலோ, கம்ப்யூட்டரிலோ "புதுப்பிக்கவும்" என்று அறிவிப்பு வந்தால், "நன்றாகத்தானே ஓடுகிறது" என்று தள்ளிப்போடாதீர்கள். வங்கியிலிருந்து ரகசிய எண்ணை மாற்றச் சொன்னால், வங்கிக்கே நேரில் போய் அது உண்மைதான் என்று தெரிந்துகொண்டு, அன்றே மாற்றிவிடுங்கள்.

அந்தக் கெட்ட சாவிகளும் 20 மாதம் நன்றாகத்தான் ஓடின!